கண்ணாடியில் பிளேடு வைக்கலாமா? ஸ்கிரேப்பரும் மற்ற வழிகளும்

கறையைப் பார்த்ததும் கை தானாக ஸ்கிரேப்பருக்கு, அதாவது பிளேடு மாட்டிய சுரண்டிக்குப் போய்விடும். கண்ணாடி துடைக்கும் தொழிலில் சில வருஷம் இருந்த யாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பெயிண்ட் தெறித்திருக்கிறதா, பிளேடு. ஸ்டிக்கர் பசையா, பிளேடு. சிமென்ட் புள்ளியா, அதற்கும் பிளேடு. நான்கு இழுப்பில் வேலை முடிந்துவிடும். ஆனால் அது உண்மையிலேயே முடிந்ததா என்பது மாலை வெயில் சாய்வாக விழும்போதுதான் தெரியும்.

எனக்கு அது தெரியவந்தது ஒரு புதுக் கட்டடத்தில். காலையில் நிழல் பக்கமாக ஆரம்பித்தேன். முதல் இரண்டு கண்ணாடியிலும் பிளேடு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவதில் 'கரகர' என்றது, மணல்தாள் மேல் போகிற மாதிரி. பெயிண்ட் நன்றாகக் காய்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். சாயங்காலம் வெயில் அந்தப் பக்கம் திரும்பியபோது கண்ணாடி முழுக்க மெல்லிய கோடுகள். எல்லாம் ஒரே திசையில், பிளேடு அகலத்துக்குப் பட்டை பட்டையாக. யார் போட்ட கோடு என்று யாரும் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அதற்குப் பிறகு இந்த வேலையில் எதை எடுப்பது என்று முடிவு செய்யும் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் கண்ணாடி என்ன வகை என்று பார்ப்பது, அப்புறம்தான் கறை. ஸ்டீல் பிளேடு, பிளாஸ்டிக் பிளேடு, ஸ்டீல் வுல், கரைப்பான் என்று நம்மிடம் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எந்தக் கண்ணாடியில் எது என்று சொல்லலாம்.

பிளேடு தானாகக் கீறுவதில்லை

பொருள்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் சாதாரண ஜன்னல் கண்ணாடி 5.5 பக்கத்தில் இருக்கிறது. பிளேடு எஃகும் ஏறக்குறைய அதே இடம்தான். அதனால் சுத்தமான, ஈரமான, பூச்சு ஏதும் இல்லாத கண்ணாடியில் புது பிளேடைச் சாய்த்துத் தள்ளினால் ஒன்றும் ஆகாது. மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 7. ஒரே ஒரு மணல் துகள் பிளேடுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் போதும், அது கண்ணாடியை உழுதுகொண்டே போகும். பிளேடு அதற்கு ஏர் மாதிரி, அவ்வளவுதான்.

மணலையாவது தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். கழுவினாலும் போகாத துகள் ஒன்று இருக்கிறது. டஃபன்ட் கண்ணாடியில், டெம்பர்டு என்றும் சொல்வார்கள், இதுதான் பெரிய தலைவலி. கண்ணாடியை அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்து, அப்புறம்தான் சூளைக்குள் அனுப்புகிறார்கள். உள்ளே உருளைகளின் மேல் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகி, வெளியே வந்ததும் பலமான காற்றால் சட்டென்று குளிர்கிறது. வெட்டும்போதும் தேய்க்கும்போதும் உண்டான கண்ணாடித் தூளைச் சூளைக்கு முன்னால் சரியாகக் கழுவவில்லை என்றால், அந்தத் தூள் சூட்டில் கண்ணாடியோடேயே ஒட்டி வெந்துவிடும். பெரும்பாலும் உருளையில் பட்ட பக்கத்தில்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஜன்னலில் மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே வருமா வெளியே வருமா என்பதும் சொல்வதற்கில்லை. நாம் பிளேடு வைக்கும்போது அந்தத் துகள் பெயர்ந்து, பிளேடுக்கு அடியில் மாட்டி, கண்ணாடியைக் கண்ணாடியாலேயே கீறுகிறது. என்னுடைய மூன்றாவது கண்ணாடியில் நடந்தது இதுதான்.

இந்த விஷயத்தில் இரண்டு தரப்பும் முட்டிக்கொண்டது ஊரறிந்த கதை. வட அமெரிக்கக் கண்ணாடிச் சங்கம் தன் வழிகாட்டுதலில் உலோக ஸ்கிரேப்பரைத் தவிர்க்கச் சொன்னது. சர்வதேச ஜன்னல் துடைப்போர் சங்கமோ, தரமாகச் செய்த கண்ணாடியில் பிளேடு கீறாது, தூள் ஒட்டியிருப்பது தயாரிப்புக் குறை என்றது. என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் கீறல் விழுந்த பிறகு பிளேடு நம் கையில் இருக்கிறது, கண்ணாடி செய்தவர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

கண்ணாடியை எப்படி அடையாளம் காண்பது

டஃபன்ட் கண்ணாடியின் மூலையில் சின்னதாக ஒரு முத்திரை பெரும்பாலும் இருக்கும். அது சட்டத்துக்குள் மறைந்தும் இருக்கலாம், போடாமலே விட்டிருக்கவும் கூடும். போலராய்ஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வானம் பிரதிபலிக்கிற மாதிரி சாய்வாகப் பாருங்கள். வரிசை வரிசையாக மங்கலான கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் அது சூளையில் வெந்த கண்ணாடி. கதவு, தரை வரை இறங்கும் பெரிய ஜன்னல், குளியலறைத் தடுப்பு என்றால் முத்திரையைத் தேடாமலே டஃபன்ட் என்று வைத்துக்கொள்வது நல்லது.

தூள் இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடியைக் கழுவிவிட்டு, மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பும் பைக்குள் இருக்கிற விரலுக்குத் தெரியும். ஏன் என்று கேட்காதீர்கள், செய்து பாருங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தடவ வேண்டும்.

அடுத்தது பூச்சு. வெப்பத்தைத் தடுக்கும் பூச்சு போட்ட கண்ணாடிகள் இப்போது எங்கும் இருக்கின்றன. மென்மையான வகைப் பூச்சு, நடுவில் இடைவெளி விட்டு ஓரத்தை அடைத்த இரட்டைக் கண்ணாடியின் உள்ளே மூடி இருப்பதால் நம் கைக்கு எட்டாது. கடினமான வகை வெளியே தெரிகிற பக்கத்திலும் இருக்கலாம். இருட்டாக்கிக்கொண்டு ஒரு சின்ன டார்ச்சைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தால், இரட்டைக் கண்ணாடியில் நான்கு பிரதிபலிப்புகள் தெரியும். அதில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் பூச்சு அந்தப் பரப்பில் இருக்கிறது. முதலாவதோ நான்காவதோ நிறம் மாறியிருந்தால் பூச்சு திறந்த பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே ஸ்டீல் எதையும் கொண்டுபோகாதீர்கள். சில சமயம் பூச்சு கீறாது, அதற்குப் பதிலாகப் பிளேடின் உலோகம் பூச்சின் மேல் பென்சில் கோடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். பார்க்கிறவருக்கு அதுவும் கீறல்தான்.

தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் கண்ணாடி என்று 2001 வாக்கில் பில்கிங்டன் நிறுவனம் கொண்டுவந்ததில் டைட்டானியம் டை ஆக்ஸைடு பூச்சு ஏறக்குறைய 15 நானோமீட்டர்தான். தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லியது. அதில் பிளேடு என்ற பேச்சே வேண்டாம். சன் பிலிம் ஒட்டிய பக்கம், கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக்குகளான அக்ரிலிக், பாலிகார்பனேட் இவற்றுக்கும் அப்படியே.

ஸ்டீல் பிளேடு

பூச்சில்லாத, தூள் இல்லாத கண்ணாடி என்று உறுதியானால், காய்ந்த பெயிண்டுக்கு ஸ்டீல் பிளேடைவிட நல்ல சாமான் இல்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிளேடே கூடாது என்று விரதம் இருப்பவர்களின் வேலையையும் பார்த்திருக்கிறேன். ஒரே கறையைக் கால் மணி நேரம் நாரால் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் அந்த இடம் மட்டும் மங்கிப்போயிருக்கும்.

கார்பன் ஸ்டீல் பிளேடு கூர்மை அதிகம், பெயிண்டைச் சுத்தமாகச் சீவி எடுக்கும். ஆனால் ஈரத்தோடு உறைக்குள் போட்டால் மறுநாளே துரு. துருப்பிடித்த விளிம்பு சீராக இருக்காது, அதோடு கண்ணாடிப் பக்கமே போகக் கூடாது. ஸ்டெயின்லெஸ் எளிதில் துருப்பிடிக்காது, கூர்மைதான் சீக்கிரம் போகும். இடுப்புப் பையில் எப்போதும் ஈரத்தோடு கிடக்கிற ஸ்கிரேப்பருக்கு ஸ்டெயின்லெஸ் போடுவேன். ஒரு நாள் முழுக்கப் பெயிண்ட் சீவுகிற வேலை என்றால் ஒரு பெட்டி கார்பன் பிளேடு வாங்கி, சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றி மாற்றித் தீர்த்துவிடுவேன். பிளேடில் மிச்சம் பிடிப்பதைப் போல முட்டாள்தனமான சிக்கனம் இந்தத் தொழிலில் வேறு இல்லை.

அகலம் என்று பார்த்தால் 4 செ.மீ. சின்னது மூலைக்கும் ஓரத்துக்கும். 10 செ.மீ. அன்றாட வேலைக்கு. 15 செ.மீ. பெரிய பரப்புக்கு. அகலம் கூடக் கூட வேகம் கூடும், தவறு நடந்தால் கோடு விழுகிற பரப்பும் கூடும். அறிமுகமில்லாத கண்ணாடியில் நான் 10-க்கு மேல் எடுப்பதில்லை. நீளக் குச்சியில் மாட்டி எட்டாத இடத்தைச் சுரண்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. துகள் மாட்டியது முதலில் மணிக்கட்டுக்கும் காதுக்கும்தான் தெரியும். குச்சியின் மறுமுனையில் நிற்கும்போது இரண்டும் கிடைக்காது.

பிளாஸ்டிக் பிளேடு

ஸ்டிக்கர், டேப், ஊறிய பறவை எச்சம், முன்பே பெரும்பகுதி அறுத்தெடுத்த சிலிகானின் மிச்சம் இவற்றுக்குப் போதும். காய்ந்த பெயிண்டை அசைக்காது, வளைந்து கொடுத்து மேலே ஏறிப் போய்விடும். விளிம்பும் சீக்கிரம் மழுங்கும். ஒரு எச்சரிக்கை: பிளாஸ்டிக் என்றால் கீறவே கீறாது என்ற நம்பிக்கையில் கழுவாத கண்ணாடியில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மென்மையான விளிம்பில் மணல் புதைந்துகொண்டால் அதுவே மணல்தாள். சந்தேகமான கண்ணாடியில் நான் முதலில் எடுப்பது இதைத்தான், ஆனால் கழுவிய பிறகு.

ஸ்டீல் வுல், நார்

ஜன்னலுக்கு என்று எடுத்தால் நான்கு பூஜ்யம் போட்ட, மிக மெல்லிய ரகம் மட்டும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் வேறு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். புகைபோலப் படிந்த ஸ்பிரே பெயிண்ட், பூச்சி எச்சப் புள்ளிகள் என்று பரவலாக, மெல்லியதாக இருக்கிறவற்றுக்கு இது பிளேடைவிடத் தோது. ஈரமாகத் தேய்க்க வேண்டும். உதிர்ந்த இழைகளைக் கழுவாமல் விட்டால் ஜன்னல் படிக்கல்லில் துருக்கறை பிடிக்கும். வெண்கல இழை வகை என்றால் அந்தத் தொல்லை இல்லை. பூச்சுப் போட்ட பரப்பில் இரண்டும் ஆகாது.

சமையலறையில் கிடக்கும் பச்சை நார் பிளேடைவிட ஆபத்து. அதில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு இருக்கிறது, மோஸ் அளவில் 9. வெள்ளை நார் மட்டும் பரவாயில்லை.

ஊற வைப்பதும் கரைப்பானும்

பொறுமை இல்லாததால்தான் பாதிப் பேர் பிளேடு எடுக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். எமல்ஷன் பெயிண்ட் தெறிப்பின் மேல் சோப்புத் தண்ணீர் நனைத்த துணியை ஒட்டி, பத்து நிமிஷம் காயாமல் வைத்திருந்தால் பாதி தானாக உரிந்து வரும். ஸ்டிக்கர் பசைக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால், இல்லாவிட்டால் ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்த கரைப்பான். எண்ணெய்ப் பெயிண்டுக்குத் தின்னர் அல்லது அசிட்டோன். இவற்றைக் கண்ணாடி மேல் ஊற்றாமல் துணியில் நனைத்து, கறையில் மட்டும் ஒற்ற வேண்டும். ஓர ரப்பர், பெயிண்ட் அடித்த சட்டம், இரட்டைக் கண்ணாடியின் அடைப்பு, இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த லேமினேட் கண்ணாடியின் நடுப்படலம் இவற்றையெல்லாம் அவை பதம் பார்த்துவிடும். தீப்பிடிக்கிற சரக்கு என்பதால் காற்றோட்டமும் வேண்டும். அக்ரிலிக், பாலிகார்பனேட் பக்கம் அசிட்டோன் போகவே கூடாது.

சிமென்ட்தான் மோசம். அதற்குள்ளேயே மணல் இருக்கிறது. எவ்வளவு நல்ல கண்ணாடியாக இருந்தாலும், சிமென்ட் புள்ளியைப் பிளேடால் பெயர்த்தால் அந்த மணலை நாமே கண்ணாடியில் இழுக்கிறோம். ஈரமாக இருக்கும்போதே கழுவினால் வெறும் தண்ணீர் போதும். காய்ந்துவிட்டால் சல்ஃபாமிக் அமிலம் போன்ற மிதமான ஒன்றைப் புள்ளியில் மட்டும் வைத்து, சட்டத்திலும் கல்லிலும் படாமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சிமென்டின் காரம் ஏற்கெனவே கண்ணாடியை அரித்திருந்தால் அந்தத் தடம் போகாது. வேலைக்கு முன்னாலேயே இதைச் சொல்லி வைப்பது நல்லது. ஹைட்ரோஃபுளூரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளூரைடோ கலந்த கறை நீக்கிகளும் விற்கின்றன. அவை கண்ணாடியையே கரைக்கும், தோல் வழியாக உள்ளே போய் ஆளையும் கொல்லும். டப்பாவில் இந்தப் பெயர்கள் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

உப்புத் தண்ணீர்க் கறைக்கு ஸ்கிரேப்பரால் எந்தப் பயனும் இல்லை. புதிதாக இருந்தால் வினிகரில் போகும்.

பிளேடு என்று முடிவானால்

முதலில் சோப்பு இல்லாமல் நிறையத் தண்ணீர் விட்டு மணலை இறக்கிவிடுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர், வழக்கத்தைவிடச் சோப்பு கூடுதலாக. வெயில் பட்டுச் சுடுகிற கண்ணாடியில் தண்ணீர் கண்ணெதிரே காயும், அந்தப் பக்கத்தை நிழல் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். கண்ணில் படாத ஒரு மூலையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு தள்ளல் தள்ளி, துடைத்து, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை ஒவ்வொரு கண்ணாடிக்கும் செய்ய வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஜன்னலிலேயே ஒன்று நல்லதாகவும் ஒன்று தூளோடும் இருந்ததைத்தான் முதலிலேயே சொன்னேனே.

பிளேடைக் கண்ணாடியோடு 30 டிகிரி வாக்கில் படுக்க வைத்து முன்னால் தள்ள வேண்டும். தள்ளி முடிந்ததும் தூக்கி, துடைத்து, திரும்ப வைக்க வேண்டும். தூக்காமல் பின்னால் இழுக்கிற பழக்கம்தான் பாதிக் கீறல்களுக்குக் காரணம். முன்னால் போகும்போது குப்பை பிளேடுக்கு முன்னே ஓடுகிறது. பின்னால் இழுத்தால் அதே குப்பை பிளேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. விளிம்பில் பல் விழுந்திருக்கிறதா என்று விரலால் பார்க்க வேண்டாம். பஞ்சை லேசாக ஓட்டிப் பாருங்கள், இழை மாட்டினால் அந்தப் பிளேடு குப்பைக்கு.

சத்தம் கேட்டால் நிறுத்துங்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஸ்கிரேப்பர் பிடிக்கிற பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கண்ணாடிக்குச் சொன்னதெல்லாம் சரி, கைக்கும் கொஞ்சம். சுரண்டும்போது கை வெட்டுவது குறைவு. பிளேடு மாற்றும்போதும், பைக்குள் கையை விடும்போதும்தான் வெட்டும். மூடி போடாமல் பையில் வைக்காதீர்கள், சட்டைப் பையில் வைக்கவே வைக்காதீர்கள். ஸ்கிரேப்பர் பிடிக்காத கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை. ஏணி ஏறும்போது கையில் ஸ்கிரேப்பர் இருக்கக் கூடாது. பழைய பிளேடுக்குக் கெட்டியான, மூடி உள்ள ஒரு டப்பா. குப்பைப் பையில் அப்படியே போட்டால் அதை எடுக்க வருகிறவரின் கை கிழியும்.

சுரண்ட மறுப்பது

இதையும் ஒரு வழியாகச் சேர்க்கத்தான் வேண்டும். சோதனையில் சொரசொரப்பு தெரிந்தால் வேலையை நிறுத்தி, வீட்டுக்காரரையோ மேஸ்திரியையோ கூப்பிட்டு, அவர் விரலையே அந்தப் பாலிதீன் பைக்குள் விட்டுத் தடவச் சொல்லுவேன். பத்து நிமிஷம் வாயால் விளக்குவதைவிட அது மேல். கண்ணாடியில் குறை இருக்கிறது, கீறல் விழுந்தால் நான் பொறுப்பில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு பிளேடைப் போடுகிறவர்கள் உண்டு. கையெழுத்து வாங்குவது சரிதான், நானும் வாங்குகிறேன், ஏற்கெனவே இருக்கிற கீறல்களைப் படமும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கீறும் என்று தெரிந்தே கீறுவதற்கு அந்தக் காகிதம் அனுமதிச் சீட்டாகிவிடாது. டஃபன்ட் கண்ணாடியில் விழுந்த கீறலைச் சீரியம் ஆக்ஸைடு போட்டு மெருகேற்றிப் பார்க்கலாம். லேசானது மறையும். ஆழமானதை மறைக்கிற அளவுக்குத் தேய்த்தால் அந்த இடம் குழிந்து, வெளியே தெரிகிற காட்சி நெளியும். கடைசியில் கண்ணாடியை மாற்றுவதில்தான் போய் முடியும்.

அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் மிச்சமிருந்த ஜன்னல்களை ஊற வைத்த துணியும் ஆல்கஹாலும் பிளாஸ்டிக் பிளேடுமாக முடித்தேன். மூன்று மடங்கு நேரம் பிடித்தது, அதற்குக் கூலி கேட்கவும் வாய் வரவில்லை. இப்போதெல்லாம் புதுக் கட்டட வேலைக்குத் தொகை சொல்லும்போதே பிளேடு தொடாமல் எவ்வளவு நேரமாகுமோ அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறேன். போய்த் தடவிப் பார்த்து, கண்ணாடி நல்லதாக இருந்தால் பிளேடு போட்டு மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.